குறை சொல்வதற்கில்லை

அறுபது வேண்டும். ஐம்பத்தொன்பது வந்தாலும் ஒன்றுதான், வெறும் ஒன்று வந்தாலும் ஒன்றுதான். தடுப்பூசியால் உடம்பு கெட்டவனுக்கு அரசாங்கம் தரும் நஷ்ட ஈட்டின் கணக்கு அப்படி. நூற்றுக்கு அறுபது பங்கு ஒடிந்திருந்தால் முழுப் பணமும் கைக்கு வரும். ஒரு பங்கு குறைந்தாலும் அரைக் காசு கிடையாது, ‘வருந்துகிறோம்’ என்று ஒரு காகிதம் மட்டும் வரும். நெவில் ஆக்ராய்டுக்கு அரசாங்கம் போட்டிருந்த மதிப்பெண் நாற்பத்தெட்டு.

“பள்ளிக்கூடத்துல எந்தப் பாடத்துலயும் நீ நாப்பத்தெட்டு வாங்கினதில்லயேடா. பெரிய முன்னேற்றம்தான்” என்றான் டெஸ்மண்ட். நெவிலோடு இருபது வருஷம் பூச்சுவேலை பார்த்தவன் அவன். நெவில் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். அவன் பெண்டாட்டி ஹேசலுக்கு இரண்டு பேரையும் சேர்த்து வைத்து அறையலாம் போல இருந்தது.

ஊசியால்தான் இது வந்தது என்பதில் தகராறே இல்லை. மருத்துவமனையும் எழுதிக் கொடுத்துவிட்டது, அரசாங்கமும் ஆற அமர யோசித்து ஒப்புக்கொண்டுவிட்டது. சாமி வரம் கொடுத்தாயிற்று, பூசாரிதான் பாக்கி. எவ்வளவு ஒடிந்திருக்கிறான் என்று அளந்து சொல்ல வேண்டிய அந்தப் பூசாரிதான் நாற்பத்தெட்டில் நின்றுகொண்டார்.

கொரோனா காலத்தில், எல்லாரையும் போல, வட இங்கிலாந்தில் தன் ஊரான டாட்மர்டனின் விளையாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டவன்தான் நெவில். அடுத்த வாரம்கூட ஒரு வீட்டின் கூரையடியில் பலகை மேல் நின்று சுண்ணாம்பு பூசினான். அதற்கடுத்த வாரம் மண்டையைப் பிளக்கும் தலைவலி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவன் பலகையிலிருந்து விழுந்தான். மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதாம். லட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வரும் என்றார் டாக்டர். உயிர் பிழைத்தான். இடது கை தொங்கிப்போயிற்று. இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பார்வை இல்லை, அந்தப் பக்கம் கதவு இருக்கிறதா ஆள் இருக்கிறதா என்று இடித்துக்கொண்டால்தான் தெரியும். அவ்வப்போது வலிப்பும் வரும்.

இத்தனைக்கும் அவன் வாயிலிருந்து ஊசியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை வந்ததில்லை. “லட்சத்துல ஒருத்தர்னா யாராச்சும் ஒருத்தர் அந்த ஒருத்தரா இருந்துதானே ஆகணும்” என்பான். ஊசி எதிர்ப்புக் கூட்டம் நடத்தும் ஒருவன் வாசலுக்கு வந்து, நெவிலை மேடையில் உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டபோது விரட்டியது ஹேசல்தான். “முதியோர் இல்லத்துல எங்க மாமியார் உயிரோட இருக்காங்கன்னா அந்த ஊசியாலதான். என் புருஷன் ஒண்ணும் உன் கொடிக்கு கம்பமில்ல. நடையக் கட்டு” என்றாள். அவளுக்கு வேண்டியது நியாயமாகச் சேர வேண்டிய பணம். அதற்கு மேல் யாரிடமும் அவளுக்குப் பகை இல்லை.

பணம் வந்தால்தான் வீடு தங்கும். நெவிலின் சம்பாத்தியம் நின்றதிலிருந்து வீட்டுக்கடன் தவணை தவறிக்கொண்டே வந்தது. வங்கி மரியாதையாகத்தான் எழுதிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு கடிதத்திலும் மரியாதை கொஞ்சம் குறைந்தது. ஹேசல் காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அது போதாமல் மாலையில் ஓர் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கவும் போனாள். அந்த இரண்டாவது வேலைக்கு அவளைப் போகச் சொன்னதே நெவில்தான். “எனக்கென்ன கண்ணு? ராஜா மாதிரி உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருப்பேன். நீ போயிட்டு வா” என்றான். அவள் திரும்பி வரும்போது ராஜா மாதிரிதான் உட்கார்ந்திருப்பான், மடியில் செய்தித்தாளோடு. “எப்படி இருந்தது இன்னிக்கி?” என்று கேட்பாள். “பரவாயில்ல. குறை சொல்றதுக்கில்ல” என்பான். கிரிக்கெட்டில் யார்க்ஷர் அணி எத்தனை ஓட்டம் எடுத்தது என்றும் சொல்வான்.

அந்த ஊர்க்காரர்களின் வியாதி இது. காலை வெட்டி எடுத்துக் கையில் கொடுத்தாலும், “சுமாரா இருக்கேன், நீங்க சௌக்கியமா?” என்பார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது உலகத்துக்கே தெரியும். இவர்களோ அழுகிற பிள்ளையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள். இப்படிப்பட்ட ஒருவனைத்தான், அவன் எவ்வளவு ஒடிந்திருக்கிறான் என்று பார்க்க ஒரு டாக்டர் வீடு தேடி வந்தார்.

டாக்டர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் நெவில் செய்த முதல் காரியம், நல்ல பிஸ்கட்டாக வாங்கி வை என்று ஹேசலிடம் சொன்னது.

“அவரு விருந்துக்கு வரல நெவில். உன்னால எதெல்லாம் முடியலன்னு பாக்க வர்றாரு.”

“அதுக்காக? வீட்டுக்கு வந்த மனுஷன் காஞ்ச வாயோட போகணுமா?”

டாக்டர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஈரக்குடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார். மாத்திரைகளை எல்லாம் பார்க்கலாமா என்று அவர் கேட்க, ஹேசல் மாடிக்குப் போனாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். நெவில் சமையலறையில் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கோப்பை நகராதபடி பாத்திரத் தொட்டியின் மூலையில் முட்டுக்கொடுத்திருந்தான். வலது கையால் கெட்டிலைத் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினான். இதற்காகப் பல நாளாய் இவன் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முகம் வேர்த்திருந்தது, காது சிவந்திருந்தது. “சர்க்கரை எத்தனை டாக்டர்?” என்றான். மணமேடையில்கூட அவன் அவ்வளவு பெருமையாக நின்றதில்லை.

ஹேசல் என்ன செய்வாள்? விருந்தாளிக்கு முன்னால் புருஷன் கையிலிருந்து தேநீரைப் பிடுங்க முடியுமா? ‘டாக்டர், இது பொய்த் தேநீர்’ என்று சொல்ல முடியுமா? பிஸ்கட் தட்டை எடுத்து நீட்டினாள். டாக்டர் இரண்டு சாப்பிட்டார். போகும்போது, “ரொம்ப நாளைக்கப்புறம் நல்ல டீ குடிச்சேன்” என்றார்.

அறிக்கையில் அதையேதான் எழுதியிருந்தார். எழுந்து நின்று வரவேற்றார். உதவியின்றித் தேநீர் தயாரித்தார். கேட்டபோது, குறை சொல்வதற்கில்லை என்றார். நகைச்சுவை உணர்வு குன்றவில்லை. நாற்பத்தெட்டு.

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? ஹேசல் அன்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “உன்னால சட்டைப் பொத்தான் போட முடியுமா? இறைச்சிய வெட்டித் திங்க முடியுமா? குளிக்க முடியுமா? டீ ஊத்திட்டியாம் டீ! நம்ம வீட்டையே அந்தக் கோப்பையில ஊத்திக் கொடுத்துட்டியேடா!”

நெவில் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “எனக்குன்னு மிச்சமிருக்கிறது அவ்வளவுதான் ஹேசல்” என்றான்.

மேல்முறையீடு செய்யலாம் என்று சொன்னது ஷபானா மிர்சா. இலவச ஆலோசனை மையத்தில் வேலை பார்ப்பவள். பிராட்ஃபோர்டில் பிறந்து வளர்ந்தவள், வாயைத் திறந்தால் வெடி. தீர்ப்பாயத்தில் மூன்று பேர் உட்காருவார்கள், நேரில் கேட்பார்கள், இதுதான் கடைசி வாசல் என்றாள். இதிலும் அறுபது கிடைக்காவிட்டால் அப்புறம் போக இடமில்லை. நெவிலை எதிரே உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தாள்.

“நான்தான் நீதிபதி. சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?”

“பரவாயில்லம்மா.”

“தப்பு! இன்னொரு தடவ. எப்படி இருக்கீங்க?”

“ஏதோ ஓடுது.”

ஷபானா தலையில் கை வைத்துக்கொண்டாள். “எங்கப்பாவும் இப்படித்தாங்க. பஞ்சாப்ல இருந்தவரைக்கும் காலுல முள்ளு குத்தினா தெருவே கேக்கற மாதிரி புலம்புவாராம். நாப்பது வருஷம் உங்க ஊரு மில்லுல வேலை பார்த்தாரு. நெஞ்சுவலியில ஆம்புலன்ஸ்ல ஏத்துறாங்க, அந்த ஆளுகிட்ட ‘சுமாரா இருக்கேன்’ங்கறாரு! நீங்கதான் ஒட்ட வச்சிருக்கீங்க இந்த நோய.”

நெவிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷபானா சிரிக்கவில்லை. “உங்களுக்கு ரொம்ப மோசமான நாளு எது, அத சொல்லுங்க. நல்ல நாள அவங்க கேக்கல” என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நெவில் ஹேசலின் கையைப் பிடித்து நிறுத்தினான். “ஒண்ணு சொல்லு. அந்த மீன் கடை விஷயத்த அங்க சொல்ல மாட்டேல்ல?” என்றான்.

மீன் கடையில் வரிசையில் நிற்கும்போது வலிப்பு வந்து விழுந்தான். கால்சட்டை நனைந்து, தரையெல்லாம் ஓடி, வரிசையில் நின்ற அத்தனை பேரும் கால் தள்ளி நின்றார்கள். பாதிப் பேர் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கடைக்காரி மார்கரெட், “பரவால்ல கண்ணு, பரவால்ல” என்று சொல்லிக்கொண்டே ஹேசலோடு சேர்ந்து துடைத்தாள். அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கே அவன் போவதில்லை.

“சொல்ல மாட்டேன்” என்றாள் ஹேசல். “சத்தியமா?” என்றான். “சத்தியமா” என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகு தேவாலயப் படி ஏறாதவள், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் கண்ணை மூடி வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள். என்ன வேண்டுதல் தெரியுமா? அந்த ஒரு நாள், அந்த மூன்று பேருக்கு முன்னால், அவனுக்கு ஒரு வலிப்பு வர வேண்டும். பெரிதாக வர வேண்டும். அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். கட்டிய புருஷனுக்காக ஒரு பெண் இப்படியும் வேண்டிக்கொள்வாளா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மறுநாளும் அதையேதான் வேண்டினாள்.

விசாரணை நாள் வந்தது. ஹேசல் எழுந்து வருவதற்குள் நெவில் முகம் மழித்திருந்தான், தாடையில் மூன்று இடத்தில் ரத்தக் கீறல். கட்டிலில் விசேஷத்துக்குக் கட்டும் கழுத்துப்பட்டையை எடுத்து வைத்திருந்தான். கட்டிவிடு என்று நின்றான்.

“வேண்டாம் நெவில். கெஞ்சிக் கேக்கறேன். இருக்கிறபடியே வா.”

“கோர்ட்டுக்குப் பரதேசி மாதிரியா போவாங்க? எங்கம்மா என்னை அப்படி வளக்கல.”

கட்டிவிட்டாள். என்ன செய்ய? அவன் கண்ணாடியில் பார்க்கும்போது இடப்பக்கக் காலர் மடங்கியிருப்பது அவனுக்குத் தெரியவில்லை. சரிசெய்யப் போன கையை இழுத்துக்கொண்டாள். மடங்கியே இருக்கட்டும், அதற்காவது அரை மதிப்பெண் போடமாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

டெஸ்மண்ட் தன் வேனில் அழைத்துப் போனான். வழி நெடுக நெவிலைச் சீண்டிக்கொண்டே வந்தான். “கழுத்துப்பட்டை, பளபள ஷூ! நீ நஷ்ட ஈடு கேக்கப் போறியா, பொண்ணு கேக்கப் போறியா?” என்றான். நெவில் பதிலுக்கு, “உன் மூஞ்சிய கூட்டிட்டுப் போயி காட்டினா எனக்கு நூறு மார்க்கு விழும்” என்றான். ஹேசல் பின்னால் உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பாயம் என்றால் பெரிய தூண்களும் அங்கிகளும் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். தரைவிரிப்பு போட்ட ஒரு சாதாரண அறை, நீள மேசை, தண்ணீர்க் குவளைகள். நடுவில் நீதிபதி திருமதி த்ரெல்ஃபால், நரைத்த தலை, கனிந்த முகம். ஒரு பக்கம் வயதான டாக்டர் ஒருவர். மறுபக்கம் சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி, ஊனமுற்றோர் சார்பில் உட்காருபவர். டெஸ்மண்ட் பின்வரிசையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

நீதிபதி சிரித்த முகத்தோடு ஆரம்பித்தார். “வணக்கம் மிஸ்டர் ஆக்ராய்ட். மழையில வந்திருக்கீங்க. எப்படி இருக்கீங்க?”

“பரவாயில்லைங்க. குறை சொல்றதுக்கில்ல. நீங்க எப்படி இருக்கீங்க?”

ஷபானா கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். உடுத்திக்கொள்வது? “சமாளிச்சுக்கறேன்.” படி ஏறுவது? “மெதுவா ஏறிடுவேன்.” வலிப்பு? “எப்பவாச்சும் வரும். வந்தா போயிடும்.” பகலில் தனியாக இருப்பது சிரமமா? “இல்லைங்க. பேப்பர் படிப்பேன். அமைதியா இருக்கும்.” ஷபானா இரண்டு முறை இடைமறித்து எடுத்துக்கொடுத்தாள். அவன் ஷபானாவிடமும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மறுபடி சமாளித்துக்கொள்வதாகவே சொன்னான். டாக்டரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டு நாற்பத்தைந்தாகி நாற்பதாகி இறங்குவதை ஹேசல் கண்ணால் பார்த்தாள். வீடு போகிறது, இவன் அதை மரியாதையாகக் கைகுலுக்கி வழியனுப்பிக்கொண்டிருக்கிறான்.

அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சரிந்தது.

“பொய்யிங்க! இவன் சொல்றது அத்தனையும் பொய்!”

“ஹேசல்” என்றான் நெவில்.

“நீ சும்மா இரு. பொத்தான் நான் போட்டுவிட்டேங்க. அந்தக் கழுத்துப்பட்டையும் நான் கட்டினதுதான். இறைச்சிய குழந்தைக்கு வெட்டற மாதிரி வெட்டிக் கொடுக்கறேன், யாராச்சும் வந்துட்டா பசியில்லன்னு சொல்லி திங்காமயே உக்காந்திருக்கான். குளிப்பாட்டறது நான். தொட்டியில உக்கார வச்சு, தலையப் பிடிச்சுக்கிட்டு, எப்ப வலிப்பு வருமோன்னு. எப்பவாச்சுமா வருது? வாரத்துக்கு வாரம் வருதுங்க. மீன் கடையில...” அவள் ஒரு கணம் நின்றாள். அவனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையைக்கூட ஆட்டவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். “மீன் கடையில ஊரே பாக்க விழுந்தான். கால்சட்டையில போயிட்டான். முட்டிபோட்டு நானும் கடைக்காரம்மாவும் துடைச்சோம். கட்டில்ல மெழுகுத்துணி விரிச்சிருக்கேன். ராத்திரி நான் தூங்கிட்டேன்னு நினைச்சு அழறான்...”

கொடுத்த சத்தியம் அந்த மேசைமேல் தண்ணீர்க் குவளைகளுக்கு நடுவே உடைந்து கிடந்தது. நெவில் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்வரிசையில் டெஸ்மண்ட் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டான். இனி இவன் என் முகத்தில் விழிக்க மாட்டான் என்று ஹேசலுக்குத் தோன்றியது. பரவாயில்லை, வெறுக்கட்டும், வீட்டுக்குள் உட்கார்ந்து வெறுக்கட்டும்.

நீதிபதி அவசரப்படவில்லை. நெவில் பக்கம் திரும்பிக் கேட்டார். “மிஸ்டர் ஆக்ராய்ட், உங்க மனைவி சொல்றது உண்மையா?”

இல்லை என்றால் ஹேசல் பொய்க்காரி. ஆமாம் என்றால் அவனிடம் மிச்சமிருந்த கொஞ்ச நஞ்சமும் போயிற்று. கழுத்துப்பட்டையை ஒரு கையால் தளர்த்தப் பார்த்தான், முடியவில்லை, விட்டுவிட்டான்.

“என் பொண்டாட்டி பொய் சொல்றவ இல்லைங்க” என்றான். “ஆனா அவளுக்குப் பாதிதான் தெரியும்.”

ஹேசல் திரும்பிப் பார்த்தாள்.

“காலையில அவ கதவச் சாத்திட்டுப் போனதும் நான் சமையலறைத் தரையில உக்காந்துடுவேங்க. சுவத்துல முதுகு வச்சு. நாற்காலியில இருந்தா விழுவேன், தரையில இருந்தா விழறதுக்கு இடமில்ல பாருங்க. அவ திரும்பி வர்ற வரைக்கும் அங்கதான். சில நாளு கக்கூஸுக்குத் தவழ்ந்து போவேன். சில நாளு போய்ச் சேரமாட்டேன். அவ வர்ற பஸ்ஸு மேட்டுல ஏறுற சத்தம் கேக்கும். அப்ப எழுந்து, துடைச்சு, துணி மாத்தி, நாற்காலியில உக்காந்துப்பேன்.”

சக்கர நாற்காலிப் பெண்மணி மெல்லிய குரலில் கேட்டார். “பேப்பர் படிப்பேன்னு சொன்னீங்களே?”

“படிக்க முடியாதுங்க. போன குளிர்காலத்துல இருந்தே எழுத்து நிக்க மாட்டேங்குது. பேப்பர மடியில வச்சிருப்பேன். ரேடியோவுல கேட்டுட்டு ஓட்டத்த சொல்வேன்.” பிறகு அவன் ஹேசல் பக்கம் திரும்பினான். அவள் அவனுக்கு இடப்பக்கம் இருந்ததால் முழுத்தலையையும் திருப்ப வேண்டியிருந்தது. “மிட்டாய் கடிச்சு பல்லு உடைஞ்சதுன்னு உங்கிட்ட சொன்னேனே, அது பொய் ஹேசல். வலிப்பு வந்து அடுப்பு முனையில விழுந்தேன். கண்ணு முழிச்சப்போ எந்த வீடுன்னே எனக்குத் தெரியல. கதவத் திறந்துட்டு வெளிய போயிட்டேன் போல. தபால்காரருதான் வாய்க்கால்கிட்ட இருந்து பிடிச்சு கூட்டிட்டு வந்தாரு. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு அவருகிட்ட கேட்டுக்கிட்டேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “இதையெல்லாம் ஏன் யார்கிட்டயும் சொல்லல மிஸ்டர் ஆக்ராய்ட்? உங்க மனைவிகிட்டயாவது?”

“சொன்னா வேலைய விட்டுட்டு வந்து எம் பக்கத்துல உக்காந்துடுவாளே. அப்புறம் வீடு எங்க நிக்கும்?” நெவில் ஏதோ எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். “அவ வந்ததும் எப்படி இருந்ததுன்னு கேப்பா. குறை சொல்றதுக்கில்லன்னு சொன்னா நிம்மதியா அடுத்த வேலைக்குக் கிளம்பிடுவா. அவ முகத்துல அந்த நிம்மதி தெரியும். அத எதுக்குங்க கெடுக்கணும்?”

அவர்களை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஹேசல் நெவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தினமும் அவனைத் தாண்டித்தானே அடுத்த வேலைக்கு ஓடினாள்? ஒரு வாய் தேநீர் குடித்து, நெற்றியில் ஒரு முத்தம் வைத்து, ஓடினாள். துணி மாற்றியிருக்கிறான் என்பதுகூட அவள் கண்ணில் படவில்லை. பட்டும் கேட்கவில்லையோ? ‘பரவாயில்ல’ என்ற சொல்லை நம்புவது அவளுக்கு வசதியாக இருந்தது, அதனால் நம்பினாள். வீட்டுக்கு வந்த அந்த டாக்டரும் அதைத்தானே செய்தார்? அவரை மட்டும் திட்டி என்ன பயன்?

“உள்ள சொன்னதுக்கு கோவமா?” என்று நெவில்தான் கேட்டான்.

“வாய மூடு” என்று சொல்லி அவன் தொங்கும் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைக்குத் தொடுவது தெரியாது. தெரியாது என்று அவளுக்கும் தெரியும்.

ஷபானா இயந்திரத்திலிருந்து காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். டெஸ்மண்ட் முன்னும் பின்னும் நடந்தான், நடந்தவன் நெவிலின் முன்னால் நின்று, “ஏண்டா, நான் பக்கத்துத் தெருவுலதானே இருக்கேன்?” என்றான். நெவில், “உன்னை வேற தினம் தினம் பாக்கணுமா?” என்றான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மறுபடி அழைத்தார்கள். நீதிபதியின் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எழுதி வைத்ததைப் பார்க்காமலே பேசினார்.

“மிஸ்டர் ஆக்ராய்ட், மிஸஸ் ஆக்ராய்ட், உங்கள ரொம்ப நேரம் காக்க வைக்க விரும்பல. முன்ன போட்ட மதிப்பீட்ட ரத்து பண்றோம். டாக்டரும் நாங்க ரெண்டு பேரும் ஒருமனதா முடிவு பண்ணியிருக்கோம். உங்க உடல்பாதிப்பு எண்பது சதவீதம். முழு நஷ்ட ஈடும் உங்களுக்குச் சேரும்.”

ஷபானா ஹேசலின் தோளை இறுக்கிப் பிடித்தாள். பின்னால் டெஸ்மண்ட் மூக்கைச் சிந்துவது கேட்டது. வீடு தங்கிவிட்டது. இனி இரண்டாவது வேலை வேண்டாம், முதல் வேலையும்கூட வேண்டாம். இத்தனை நாள் பஸ்ஸில் கண்ணை மூடி அவள் எதற்காக வேண்டினாளோ அது கிடைத்துவிட்டது, அதற்கு மேலேயே கிடைத்துவிட்டது.

ஹேசலுக்கு எண்பது மட்டும்தான் கேட்டது. எண்பது போய்விட்டது என்றால் மிச்சம் எவ்வளவு? அவள் பக்கத்தில் கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்திருக்கும் இந்த மனிதனில் மிச்சம் எவ்வளவு? அறுபதுக்காக அவள் கெஞ்சியிருக்கிறாள், கத்தியிருக்கிறாள், சத்தியத்தை உடைத்திருக்கிறாள். அறுபது என்பது பணத்துக்கான எண். இந்த எண்பது அப்படி இல்லை. இது நெவில்.

“இல்லைங்க” என்றாள்.

நீதிபதி குனிந்து பார்த்தார். “மிஸஸ் ஆக்ராய்ட், உங்களுக்குச் சாதகமாத்தான் சொல்லியிருக்கோம். நீங்க ஜெயிச்சுட்டீங்க.”

“தெரியுதுங்க. அவ்வளவு எல்லாம் இல்லைங்க அவனுக்கு. நீங்க முன்ன அவனப் பாத்ததில்ல.” எழுந்து மேசையருகே போய்விட்டாள். சந்தையில் விலை பேசுகிறவளைப் போல மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்ணிலிருந்து நீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. “கொஞ்சம் குறைச்சுப் போடுங்கம்மா. அறுபது போதும். அறுபதே போதுங்க எங்களுக்கு.”

நீதிபதி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.